வாய்க்காலுக்கு மேலே நின்ற கார்

கருவாட்டு வாசனையோடு சேலம் ரயில் நிலையத்தில் இறங்கினேன். மன்னாரில் பெட்டி கட்டும்போது மூன்று பைகளில் பொதிந்து, மேலே ஒரு பழைய சேலையையும் சுற்றித்தான் வைத்திருந்தேன். இருந்தும் சென்னையிலிருந்து வழியெல்லாம் எதிர் இருக்கைக்காரர் என் பெட்டியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக வந்தார். சேலம் நெருங்கும்போது பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்: "கட்டாவாங்க, நெத்திலியாங்க?" கட்டா என்றேன். "நெனச்சேன்" என்று திருப்தியாகத் தலையாட்டி, பெட்டியை அவரே இறக்கியும் வைத்தார்.

நிலையத்துக்கு வெளியே என் தங்கை ஜெசிந்தா நின்றாள். சின்ன வயதில் படகேறி இந்தியாவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. போர் முடிந்து ஊர் அடங்கிய பிறகு அப்பாவும் அம்மாவும் நானும் மன்னாருக்குத் திரும்பினோம். ஜெசி அதற்குள் சேலத்துக்காரர் ஒருவரைக் கைப்பிடித்து இங்கேயே தங்கிவிட்டாள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்கு இப்படிப் பத்து நாள் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் அவள் பேச்சில் மன்னார் குறைந்து சேலம் கூடியிருக்கும். இந்தமுறை இன்னொன்றும் கூடியிருந்தது. ஒரு வெள்ளைக் காரின் வலதுபக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீயே ஓட்டுறாய்?"

"வேற யாரு ஓட்டுவா? ஏறுக்கா. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுடுவான்."

மன்னாரில் சாலைக்கு நடுவே நிற்பவை கழுதைகள். அவை நின்றால் நின்றதுதான். நாம் சுற்றிப் போகவேண்டும். அந்த வகையில் கழுதையை நம்பலாம். சேலத்து ஸ்கூட்டர்களை அப்படி நம்பமுடியவில்லை. இடப்பக்கம் கை காட்டி வலப்பக்கம் திரும்பினார் ஒருவர். ஜெசி பதறவில்லை. "அவரு எப்பவும் அப்படித்தான்" என்றாள், ஏதோ தெரிந்தவர் போல.

அன்று மாலை தள்ளுவண்டிக் கடையில் தட்டுவடை செட் வாங்கித் தந்தாள். இரண்டு மொறுமொறு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும், மேலும் கீழும் சட்னி. நான் நாகரிகமாக இரண்டு கடியில் தின்னப் பார்த்தேன். பாதி என் சேலையில் விழுந்தது. கடைக்காரர் ஒரு காகிதத்தை நீட்டியபடி, "ஒரே வாயில போடணும்மா. யோசிச்சா செதறிடும்" என்றார்.

ஜெசியின் கணவர் பெனடிக்ட் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளில் இருபது வருடம் ஓட்டியவர். ஆந்திரா, ஒடிசா, ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் போய்வருவார். ஓட்டுவது மட்டுமில்லை, எந்தப் பாகம் எங்கே முனகினாலும் இறங்கிப் படுத்து அதைச் சரிசெய்துவிட்டு எழும்புகிற ஆள். இரண்டு வருடத்துக்கு முன் அப்படிப் படுத்திருந்தபோது ஜாக்கி நழுவி லாரி இறங்கிவிட்டது. இடுப்பு எலும்பு உடைந்தது. உயிர் தப்பியது பெரிய காரியம் என்றார்களாம். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். நாள் முழுக்க வாசலுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அதன்பிறகுதான் ஜெசி கார் ஓட்டக் கற்றாள். அவள் தையல்காரி. ஆரி வேலைப்பாடு போட்ட கல்யாண ஜாக்கெட் தைப்பதில் நாமக்கல் வரைக்கும் பெயர். முன்பு பெனடிக்ட் ஊரில் இருக்கும்போது கொண்டுபோய்க் கொடுப்பார். இப்போது அவளே போகிறாள்.

மறுநாள் சனிக்கிழமை நாங்கள் பரமத்தி வேலூருக்குக் கிளம்பினோம். அங்கே பூங்கொடி என்ற அவளுடைய தோழியின் மகளுக்குக் கல்யாணம். பதினோரு ஜாக்கெட்டுகளைக் கொடுத்து, அளவு பார்த்து, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் திரும்பவேண்டும். எனக்கும் காவிரியைப் பார்க்க ஆசை. பெனடிக்ட் வாசலுக்கு வந்து, தடியால் நான்கு டயர்களையும் தட்டிப் பார்த்தார்.

"ஒரு சின்ன சத்தம் வந்தாலும் ஓரமா நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணு. நடுவழியில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, இந்த மாசமே வண்டியக் கொடுத்துடறேன். பக்கத்துத் தெருக்காரன் கேட்டுட்டேதான் இருக்கான்."

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள் ஜெசி.

அவர் கோபத்தில் பேசவில்லை. அந்த மனிதருக்குப் பயம். வண்டி தெரு முனை திரும்பும்வரை தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். ஜெசி கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வித்துட்டா நான் பஸ்ல துணிமூட்டையத் தூக்கிட்டு அலையணும்க்கா. முடியாதுன்னு இல்ல. ஆனா இந்த ஸ்டியரிங்கப் புடிச்சப்புறந்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருது."

வழியில் மல்லசமுத்திரத்தில் ஒரு வீட்டில் இரண்டு ஜாக்கெட் கொடுக்கவேண்டியிருந்தது. அந்த வீட்டு அம்மா எனக்கு மோர் தந்தார். நான் "உப்புக் காணும்" என்றேன். அவர் என்னையும் செம்பையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "காணோமுங்களா?" என்று இன்னொரு கை உப்பு அள்ளிப் போட்டார். எங்களூரில் 'காணும்' என்றால் போதும் என்று அர்த்தம். நான் அதைக் குடித்து முடிக்கும்வரை ஜெசி முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினாள்.

திருச்செங்கோடு தாண்டும்வரை எல்லாம் நன்றாகப் போயிற்று. அந்தப் பக்கம் சாலையெங்கும் ரிக் லாரிகள். குழாய்களை அடுக்கிக்கொண்டு, கலியாண வீட்டுப் பந்தல் நகர்வதுபோல் மெதுவாகப் போகும். அப்படி ஒன்றை முந்தி நிமிர்ந்த இடத்தில் வர்ணம் பூசாத வேகத்தடை ஒன்று இருந்தது. கார் ஏறி இறங்கியது. 'டங்' என்று ஒரு சத்தம். அப்புறம் வண்டிக்குப் பின்னால் யாரோ இரும்புக் கட்டிலை இழுத்துக்கொண்டு வருவதுபோல் ஒரு கரகரப்பு.

ஜெசி ஒரு தேநீர்க் கடையோரம் நிறுத்தினாள். அவள் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"போச்சு" என்றாள்.

இறங்கிக் குனிந்து பார்த்தோம். புகைக்குழாயின் பின்பாதியும் சைலென்சரும் சாய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்காமலே வந்து எங்களுக்குப் பக்கத்தில் குந்தினார். கைமுழுக்கக் கிரீஸ், ரிக் வண்டிக்காரர் என்று பார்த்ததும் தெரிந்தது.

"பெருசா ஒண்ணுமில்லீங்க. வண்டியில ஒரு கொக்கி, கொழாயில ஒரு கொக்கி. ரெண்டையும் சேத்துப் புடிச்சுத் தூக்குறது ஒரு ரப்பருங்க. அது அறுந்துபோச்சு. கொக்கி ரெண்டும் நல்லாத்தான் இருக்குது." கடைக்காரரிடம் கட்டுக்கம்பி வாங்கி, வெளியே இருந்தபடியே கையை நீட்டி நாலு சுற்றுச் சுற்றினார். "இது ஊடு போய்ச் சேர்ற வரைக்குந்தானுங்க. கம்பி தாங்காது. ரப்பர் போடோணும். வண்டி யாரோடதுங்க? எந்த ஊரு?"

"கரூருங்க" என்றாள் ஜெசி, கண்ணிமைக்காமல்.

மீண்டும் கிளம்பிய பிறகு நான் கேட்டேன்: "ஏனடி பொய் சொன்னனி?"

"இந்தப் பக்கம் ஸ்பேனர் புடிச்ச கை அத்தனைக்கும் அவரைத் தெரியும். சேலம் பெனடிக்ட் வண்டின்னு சொல்லியிருந்தா, நாம அடுத்த ஊரு போறதுக்குள்ள அவருக்குப் போன் போயிருக்கும்."

கம்பி கட்டிய கார் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதுபோல் ஓடியது. குழாயின் அதிர்வு முழுவதும் இருக்கைக்கு வந்தது; பேசினால் குரல் நடுங்கியது. பூங்கொடியின் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பும் மண்பாதையில், வாழைகளுக்கு நடுவே, கம்பியும் அறுந்தது. கரகரவென்று இழுத்துக்கொண்டுதான் வாசலில் போய் நின்றோம்.

பூங்கொடி ஈரக்கையோடு ஓடிவந்தார். "வாங்க வாங்க. என்னங்க்கா சத்தம் இது, டிராக்டரு வருதோன்னு நெனச்சேனுங்க!"

அவருடைய கணவர் சென்னியப்பன், வெற்றிலைத் தோட்டமும் வாழையும் வைத்திருக்கிற விவசாயி. நிதானமான மனிதர். நான் மன்னாரில் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர் என்று ஜெசி சொன்னதும், அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு நான் 'டீச்சர்' ஆகிவிட்டேன். நான் திருத்திப் பார்த்தேன். "அதெல்லாம் ஒண்ணுதானுங்க டீச்சர்" என்றார்.

இரவுச் சாப்பாடு சந்தகை. ஆவியில் வெந்த அரிசி மாவை மர அச்சில் நூலாகப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றித் தருகிறார்கள். பார்வைக்கு எங்கள் இடியப்பம்தான். ஆனால் நாங்கள் அதற்குச் சொதியும் சம்பலும் வைத்து உறைப்பாகத் தின்போம். இவர்கள் இனிப்பில் தொடங்கி, எலுமிச்சைச் சந்தகையில் நடந்து, தக்காளியில் முடிக்கிறார்கள். நான் மூன்றிலும் இரண்டு சுற்று வந்தேன். நான் கொண்டுபோன கருவாட்டில் பாதியைப் பூங்கொடியிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "நாளைக்கு ஞாயித்துக்கெழமைதானுங்க, ஆக்கிப்போடலாம்" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டே சென்னியப்பன் சொன்னார்: "வேலூர்ல ஒரு மெக்கானிக்கு இருக்கறானுங்க. நாளைக்கு லீவுதான், ஆனா நாங் கூப்பிட்டா வந்துருவான். உங்க ஊட்டுக்காரரோட ரிக்குல வேல பார்த்தவந்தானுங்க."

ஜெசி கையில் எடுத்த சந்தகையை இலையில் வைத்தாள். "வேண்டாங்கண்ணா."

விஷயத்தைச் சொன்னாள். பூங்கொடி கேட்டுவிட்டு, "அப்ப நாமளே போட்டுருவோமுங்க" என்றார், பூ கட்டுவதைப்பற்றிச் சொல்வதுபோல.

ஞாயிறு விடிந்ததும் சென்னியப்பன் வீட்டில் இருந்த ஆயுதங்களையெல்லாம் ஒரு சாக்கில் பரப்பினார். ஒரு கட்டிங் பிளேயர், ஒரு திருப்புளி, ஒரு கொடுவாள், ஒரு மண்வெட்டி. காரின் டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்துவந்து, "தூக்கிருலாமுங்களா?" என்றார்.

"அத உள்ள வைங்க" என்றாள் ஜெசி. குரல் அவ்வளவு உயரவில்லை. "ஜாக்கிமேல நிக்கிற வண்டிக்குக் கீழ யாரும் போகக்கூடாது. நான் பஸ்ல போனாலும் பரவாயில்ல, வண்டி போனாலும் பரவாயில்ல."

சென்னியப்பன் ஜாக்கியைத் திரும்ப வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். காரோ குட்டையான கார். தூக்காமல் அதற்குக் கீழே ஒரு பூனைதான் போகலாம்.

நான் தேநீரோடு வாசலில் உலாத்தினேன். எங்களூரில் காலையில் பால் விடாத வெறும் தேநீர்தான். பூங்கொடி அதை நம்பாமல், "பாலு இருக்குதுங்க, கூச்சப்படாதீங்க" என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் தந்தார். வாசலுக்கும் வாழைத்தோப்புக்கும் நடுவே ஒரு சிமெண்ட் வாய்க்கால் ஓடுகிறது. கிணற்று மோட்டாரிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் போகிற வழி. இரண்டடி அகலம், ஒன்றரையடி ஆழம். அப்போது காய்ந்து, சருகு கிடந்தது. குறுக்கே தாண்டிப் போனேன், திரும்பி வந்தேன், நின்றேன். காரின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளி இதைவிட அகலம் அல்லவா?

"ஜெசி, காரை இதுக்கு மேல நிப்பாட்டினா? ரெண்டு சக்கரம் அந்தப் பக்கம், ரெண்டு இந்தப் பக்கம். நாலு சக்கரமும் தரையிலதான் நிக்கும். ஆள் வாய்க்காலுக்குள்ள படுத்துக்கொள்ளலாம்."

அவள் வாய்க்காலைக் காலால் அளந்தாள். இரண்டு கரையையும் குதிகாலால் குத்திப் பார்த்தாள். பிறகு வண்டியை எடுத்து, பூங்கொடி முன்னால் நின்று கைகாட்ட, ஒரு அங்குலம் பிசகாமல் வாய்க்காலின் மேல் கொண்டுவந்து நிறுத்தினாள். கியரில் போட்டு, கைபிரேக் இழுத்து, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தாள். நாற்பத்தாறு வயதில் கற்றுக்கொண்ட ஓட்டம் அது. எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்லவில்லை.

படுப்பது யார் என்பதில் விவாதமே இல்லை. மூவரில் ஒல்லி நான்தான். பூங்கொடியின் பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு உள்ளே ஊர்ந்தேன். சிமெண்ட் முதுகுக்குச் சில்லென்று இருந்தது. முகத்துக்கு மேலே இரண்டு கொக்கிகளும் அறுந்த ரப்பரும் தெளிவாகத் தெரிந்தன. இரண்டு துளை போட்ட, உள்ளங்கை அகல ரப்பர்த் துண்டு. இதற்காகவா ஒரு வீட்டுக்குள் இவ்வளவு கலவரம் என்று தோன்றியது.

முதல் யோசனை பூங்கொடியுடையது: மோட்டார்சைக்கிளின் பழைய டியூபை நாடாவாக வெட்டிக் கட்டுவது. வெட்டுவதற்கு ஜெசியின் தையல் கத்தரியைக் கேட்டேன்.

"ரப்பருக்கா? செத்தாலும் தரமாட்டேன். அது துணிக்கு மட்டுந்தான்."

கொடுவாளால் வெட்டி, மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன். நான் வெளியே வந்ததும் ஜெசி என்ஜினைப் போட்டாள். குழாய் தொட்டிலாக ஆடி வண்டியின் அடிவயிற்றில் டொக் டொக்கென்று இடித்தது. டியூப் இழுபடுகிற சாதி, இதற்கு ஆகாது. குழாயும் சூடாகிவிட்டதால், அது ஆறும்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் ஜெசி உள்ளே போய் மணப்பெண்ணுக்கு நாலு ஜாக்கெட் அளவு பார்த்தாள். நான் இட்லி தின்றேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் வாய்க்காலில் படுத்துக்கிடந்தது அப்போதுதான் உறைத்தது. கர்த்தர் தச்சர் வீட்டில் வளர்ந்தவர். புரிந்துகொள்வார் என்று அடுத்த இட்லியை எடுத்தேன்.

இரண்டாவது ரப்பர் மாட்டுக் கொட்டகையில் கிடைத்தது. லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் சேறு அடிக்காமல் தொங்குமே, அந்தப் பட்டை. யாரோ கொடுத்த பழையதைக் கன்றுக்குட்டி நிற்கப் போட்டிருந்தார்கள். உள்ளே நூல் வைத்த தடித்த ரப்பர். இழுத்தால் இழுபடாது, வளைத்தால் வளையும். கழுவி, இரண்டு துண்டு வெட்டி ஒன்றின்மேல் ஒன்று வைத்தோம்.

துளை போடுவதுதான் சிக்கல். ஆணியால் குத்தினால் துளை கிழிந்து, அந்தக் கிழிசல் ஓடிவிடும் என்றாள் ஜெசி. துணியில் அவளுக்கு அது பாடம். எனக்கும் ஒரு பாடம் தெரியும். இருபத்தைந்து வருடமாக நான் ஆய்வுகூடத்தில் ரப்பர் அடைப்பான்களில் துளை போட்டு வருகிறேன். அதற்கு வேண்டியது கூரான விளிம்புள்ள ஒரு குழாய்; சோப்புத் தண்ணீர் தொட்டு, குத்தாமல் மெல்லத் திருகிக்கொண்டே இறக்கவேண்டும்.

"உடைஞ்ச குடை இருக்கா?" என்று கேட்டேன்.

பூங்கொடி பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். அதன் இரும்புக் குழாய்த் தண்டு கொக்கியைவிட ஒரு நூல் ஒல்லி. அதுதான் வேண்டும், இறுக்கமாகப் பிடிக்கும். தண்டின் வாயை அரைமணி நேரம் கல்லில் தேய்த்துக் கூராக்கினேன். பிறகு ரப்பரை மரக்கட்டையில் வைத்து, சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகினேன். மூன்று பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள், மணப்பெண்ணும் புது ஜாக்கெட்டோடு வந்து சேர்ந்திருந்தாள். வட்டமாக ஒரு ரப்பர்ப் பொட்டு கழன்று விழுந்தது. துளை, அச்சில் வார்த்ததுபோல் இருந்தது.

"அடேயப்பா" என்றார் பூங்கொடி. "டீச்சருன்னா டீச்சருதானுங்க."

மீண்டும் வாய்க்காலுக்குள் இறங்கினேன். ஜெசி பின்பக்கமாக ஒரு பலகையைக் கொடுத்து மண்வெட்டிப் பிடியால் நெம்பிக் குழாயைத் தூக்கிப் பிடித்தாள். மேல் கொக்கியில் ரப்பரை ஏற்றிவிட்டேன். கீழ்க் கொக்கியில் பாதி ஏறியிருந்தது. அப்போது தலைப்பக்கமிருந்து சலசலவென்று ஒரு சத்தம்.

"என்னடி அது?"

ஜெசிக்குப் புரியவில்லை. பூங்கொடிக்குப் புரிந்தது. "ஐயோ, கரண்டு வந்துருச்சுங்க! மோட்டாரு ஆட்டோவுல கெடக்குது!"

தோட்டத்து மோட்டார்களுக்கு மின்சாரம் சில மணி நேரம்தான் வரும். அது வந்த நொடியில் தானாக ஓடும்படி ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பூங்கொடி செருப்பில்லாமல் மோட்டார் அறையைப் பார்த்து ஓடினார். சருகுகளை முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் என் உச்சந்தலையைத் தொட்டது.

"வெளிய வாக்கா!" என்று கத்தினாள் ஜெசி.

வந்திருக்கலாம். நான்கு சக்கரமும் தரையில் நிற்கிறது, உயிர்ப்பயம் இல்லை. ஆனால் கையை எடுத்தால் ரப்பர் நழுவும். மறுபடி முதலிலிருந்து. "தூக்கிப் பிடி, விடாதே!" என்று நானும் கத்தினேன். தண்ணீர் காதுக்குள் புகுந்தது. அப்புறம் அவள் கத்தியது எதுவும் கேட்கவில்லை. ஒரு தவளை என் வயிற்றின்மேல் ஏறி, சற்று நின்று, அந்தப் பக்கம் போயிற்று. இரண்டு கட்டைவிரலையும் வைத்து, என் ஐம்பத்திரண்டு வயதின் பலம் முழுவதையும் கூட்டி அமுக்கினேன். 'ப்ளக்' என்று ரப்பர் கொக்கியின் தலையைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் காதில் விழவில்லை, விரலில்தான் கேட்டது.

தண்ணீர் நின்றது. நான் அப்படியே கிடந்து சிரித்தேன். மேலே ஜெசியின் போன் அடித்தது.

"எல்லாம் நல்லா இருக்கா?" ஸ்பீக்கரில் பெனடிக்டின் குரல். "அக்கா எங்க?"

"குளிச்சிட்டு இருக்காங்க" என்றாள் ஜெசி.

அது பொய்யில்லை.

உடை மாற்றி வந்ததும் என்ஜினைப் போட்டுப் பார்த்தோம். குழாய் பூனைபோல் உறுமிக்கொண்டு அசையாமல் இருந்தது. தோட்டத்தைச் சுற்றி மூன்று நடை போனோம்; வாய்க்கால் பாலத்தின் மேட்டில் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினாள். சத்தம் இல்லை. மதியம் சென்னியப்பன் வெற்றிலைக் கட்டோடு வந்தார். நடந்ததைக் கேட்டு, முதலில் என் தலையையும் பிறகு குழாயையும் பார்த்தார். "நல்ல வேளைங்க டீச்சர். தண்ணி வர்ற அந்தக் கோடியில பூச்சி மருந்து கலக்கலாமுன்னு இருந்தேன்" என்றார். கட்டாக் கருவாட்டுக் குழம்போடு நான் தின்ற சோற்றுக்குக் கணக்கில்லை.

மாலையில் காவிரிக்கரையில் சற்று நின்றோம். மறுகரை தெரியாத அகலம் என்று கற்பனை செய்து வந்தவளுக்கு, மணல்திட்டும் நாணலும் இரண்டு மூன்று ஓடைகளாகப் பிரிந்த தண்ணீரும் காட்சி தந்தன. குறையாகத் தோன்றவில்லை. மன்னாரில் கண்ணுக்கெட்டியவரை தண்ணீர்தான், ஆனால் உப்பு. இங்கே குனிந்து அள்ளிக் குடித்தேன்.

"அக்கா, இன்னிக்கு நீ வாய்க்காலையே குடிச்சுட்ட" என்றாள் ஜெசி.

திரும்பும் வழியில் பெனடிக்டிடம் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஜெசியும் அதைப்பற்றிப் பேசவில்லை. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தெருவுக்குள் நுழைந்தோம். பெனடிக்ட் வாசலில் நின்றார். தலையைச் சாய்த்து, வண்டி வந்து நிற்கும்வரை கேட்டார். முகம் தெளிந்தது.

"ஒண்ணும் ஆகலையே?"

ஜெசி சாவியை எடுத்தாள். இறங்கினாள். "ஆச்சுங்க" என்றாள். "சைலென்சர் ரப்பர் அறுந்துபோச்சு. நாங்களே வேற போட்டோம்."

பெனடிக்டின் கை தடியில் இறுகியது.

"ஜாக்கி போட்டீங்களா?"

"இல்லீங்க."

"யாரு கீழ போனா?"

"அக்கா. ஆனா ஜாக்கி இல்ல. வாய்க்காலுக்கு மேல வண்டிய நிறுத்தினேன். நாலு சக்கரமும் தரையில. கல்லும் வெச்சேன்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். குனிந்து பார்க்க இடுப்பு விடாது. என் போனில் படம் எடுத்துத் தரச் சொன்னார். நான் தரையில் கையை நீட்டி நாலைந்து படம் எடுத்தேன். வாசல் விளக்குக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சோதனைத் தாள் திருத்துகிறவர் முன்னால் நிற்பதுபோல் நாங்கள் இருவரும் நின்றோம்.

"ரெண்டு மடிப்பா?"

"ஒண்ணு தாங்குமான்னு சந்தேகம்" என்றாள் ஜெசி.

"துளை எதுல போட்டீங்க?"

"குடைத் தண்டில" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மீண்டும் படத்தைப் பார்த்தார். "இருபது வருஷத்துல எனக்குத் தோணல இது" என்று தனக்குள் சொன்னதுபோல் சொன்னார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "துளை ரெண்டையும் இன்னும் அரை இஞ்சு நெருக்கிப் போட்டிருந்தா கொழாய் கொஞ்சம் மேல நின்னிருக்கும்" என்றார்.

ஜெசி தோசை சுட உள்ளே போனாள். மூன்றாவது தோசைக்குச் சட்னி ஊற்றும்போது அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"நாளைக்குக் கடை தொறந்ததும் ஒரிஜினல் ரப்பர் வாங்கிடு. ரெண்டா வாங்கு. ஒண்ணு டிக்கில கெடக்கட்டும்."

விற்கப்போகிற வண்டிக்கு யாரும் உதிரி ரப்பர் வாங்கி வைப்பதில்லை. ஜெசி "சரிங்க" என்றாள். அடுப்படிக்குத் திரும்பிப் போனவள், கரண்டியைப் பிடித்தபடி கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றாள். நாலாவது தோசை கருகிப்போனது. அவர் அதையும் மிச்சம் வைக்காமல் தின்றார்.